அத்தியாயம் 6: உங்கள் சின்னத்துக்கு ஏற்ற தொப்பி

நிறுவனத்துக்கோ பள்ளிக்கோ விளையாட்டுக் குழுவுக்கோ தொப்பி தைக்கக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் சின்னத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் காட்டும் நான்கைந்து மாதிரிகளில் விலை கட்டுப்படியாகிற ஒன்றை எடுத்து, “முன்னால பெருசா லோகோ போட்டுக் குடுங்க” என்று சொல்லி அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறார்கள். மூட்டை வந்து இறங்கிய பிறகுதான் சிக்கல் தெரியும். எழுத்து குழம்பியிருக்கும், வட்டம் நீள்வட்டமாக இழுபட்டிருக்கும், பாதிப் பேருக்குத் தொப்பி தலையில் நிற்காது. போட்ட பணம் அலமாரியில் தூங்கும்.

சின்னம் போடுவது பிறர் கண்ணில் படுவதற்காக. தொப்பி தலையில் இருந்தால்தான் சின்னம் கண்ணில் படும். ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் அணிபவர், அடுத்து சின்னம், பிறகு தொப்பி வகை, கடைசியாகத் தையலா அச்சா என்ற முடிவு. இந்த வரிசை மாறாமல் யோசித்தால் பெரும்பாலான தவறுகள் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

அணியப்போவது யார்?

தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் என்ன வேலை செய்யப்போகிறார், எவ்வளவு நேரம், எந்த வெயிலில்? இந்தக் கேள்விகளுக்கு முதலில் விடை எழுதுங்கள்.

நாள் முழுக்க வெளியில் நிற்பவர்: கணக்கெடுப்புப் பணியாளர், தோட்ட வேலை செய்பவர், மைதானப் பயிற்சியாளர் போன்றோருக்கு வழக்கமான பேஸ்பால் கேப் அரைப் பாதுகாப்புதான். அது நெற்றிக்கும் கண்ணுக்கும் நிழல் தரும்; காதையும் கழுத்தையும் வெயிலுக்கு விட்டுவிடும். இவர்களுக்குச் சுற்றிலும் விளிம்புள்ள தொப்பியே ஏற்றது. கிரிக்கெட் நடுவர்கள் அகல விளிம்புத் தொப்பி அணிவதும் இதற்காகத்தான்.

இருசக்கர வாகனத்தில் போகிறவர்: டெலிவரி ஊழியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஹெல்மெட்தான் முதல் தேவை. தொப்பியின் உச்சியில் துணி போர்த்திய சிறு பொத்தான் ஒன்று இருக்கும். ஹெல்மெட்டுக்குள் அது உச்சந்தலையை அழுத்தும், அடிபட்டால் ஆபத்தும்கூட. எனவே இவர்களுடைய தொப்பி, வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிய பின் போடுவதற்கானது. மடித்துப் பையில் வைத்தாலும் உருக்குலையாத மென்மையான வகையை வாங்கிக் கொடுங்கள்.

நீளமான கூந்தல் உள்ளவர்: பின்பக்கம் மூடிய தொப்பியைப் பின்னலுக்கும் கொண்டைக்கும் மேல் போட முடியாது. பின்னால் அரைவட்டத் திறப்பும் சரிசெய்யும் பட்டியும் இருந்தால், குதிரைவால் கட்டிய கூந்தலை அதன் வழியாக வெளியே விடலாம். வெல்க்ரோ பட்டி முடியைப் பிடித்து இழுக்கும். துணிப் பட்டியும் உலோகப் பக்கிளும் இதற்கு மேல். குழுவில் பெண்கள் இருந்தும் இதை யாரும் கேட்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. அவர்கள் தொப்பி போடாததற்குக் காரணம் விருப்பமின்மை அல்ல, அந்தத் தொப்பியின் வடிவம்.

பிள்ளைகள்: பெரியவர்களின் தலைச் சுற்றளவு பொதுவாக 55 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். சரிசெய்யும் பட்டி உள்ள தொப்பி இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது காதுக்குக் கீழே இறங்கிவிடும். அவர்களுக்குத் தனி அளவு சொல்ல வேண்டும். பிள்ளைகள் தொப்பியின் முகப்பு உயரம் குறைவு என்பதால் சின்னத்தையும் அதற்கேற்பச் சிறிதாக்கித் தனியாகத் தயாரிக்க வேண்டும்.

சமையலறையில் வேலை செய்பவர்: முடி முழுவதும் மூடியிருக்க வேண்டிய இடம் இது. பின்பக்கம் திறந்த கேப் இங்கே உதவாது. சமையல்காரருக்கான தொப்பியை வாங்கி, சின்னத்தை அதன் நெற்றிப் பட்டியில் சிறிதாகப் போடுங்கள்.

சின்னத்தை அளந்து பாருங்கள்

தொப்பியின் முகப்பு பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும் சின்னத்துக்குக் கிடைக்கும் இடம் குறைவு. நடுத்தர உயரமுள்ள கேப்பில் சுமார் 5.5 செ.மீ. உயரமும் 11 செ.மீ. அகலமும் கிடைக்கும். உயரம் குறைந்த, மென்மையான கேப்பில் உயரம் 4.5 முதல் 5 செ.மீ. வரைதான். அகலத்தை 11 செ.மீ.க்கு மேல் இழுத்தால் இரு ஓரங்களும் காதுப் பக்கம் வளைந்து போய்விடும். நேரில் நின்று பார்ப்பவருக்கு முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரியாது. கீழே முன்விளிம்பு தைத்திருக்கும் இடத்துக்கு மிக அருகில் எம்ப்ராய்டரி இயந்திரம் போக முடியாது. அங்கே 1 செ.மீ. அளவுக்கு விட வேண்டும்.

இப்போது உங்கள் சின்னத்தை இந்த அளவுக்குள் வைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பள்ளிகளும் சங்கங்களும் விரும்பும் வட்ட முத்திரையையே எடுத்துக்கொள்வோம். நடுவில் விளக்கோ புத்தகமோ இருக்கும். சுற்றிலும் நிறுவனத்தின் முழுப் பெயர் ஓடும். முத்திரையின் விட்டம் 55 மி.மீ. என்றால், எழுத்து ஓடும் வளையத்தின் விட்டம் ஏறக்குறைய 48 மி.மீ. அதன் சுற்றளவு 150 மி.மீ. மேல் பாதி வளைவில் 75 மி.மீ. கிடைக்கும். பெயரில் இடைவெளிகளையும் சேர்த்து 28 எழுத்துகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2.7 மி.மீ.கூடக் கிடைக்காது. நூலால் தைக்கும்போது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கே குறைந்தது 5 மி.மீ. உயரம் வேண்டும், கோட்டின் தடிமன் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஆகவே அந்த முத்திரையை அப்படியே தைத்தால் வளையத்தில் எழுத்து இருக்காது, நூல் முடிச்சுகள்தான் இருக்கும்.

தமிழ் எழுத்தில் பெயர் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ண, ஞ, ழ போன்றவற்றின் உட்சுழி சிறிய அளவில் நூலால் அடைபட்டுவிடும். அதைவிடப் பெரிய கவலை புள்ளி. அது நூலில் மறைந்துவிட்டால் சொல்லே வேறாகிவிடும். ‘கல்வி’ என்ற சொல்லில் ஒரு புள்ளி விடுபட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தமிழ் எழுத்தை 8 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல் வையுங்கள். புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே துணி தெரியும்படி இடைவெளி விடச் சொல்லுங்கள். இந்த அளவில் ஒரு வரியில் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளுக்கு மேல் அமையாது. அதற்கு மேற்பட்ட பெயரை இரண்டு வரியாக்குங்கள் அல்லது சுருக்குங்கள்.

சுருக்குவதற்குத் தயங்க வேண்டாம். கடிதத் தாளில் முழு முத்திரை இருக்கட்டும். தொப்பிக்கு அதன் நடுவிலுள்ள விளக்கை மட்டும் எடுத்து, கீழே பெயரின் சுருக்கத்தைப் போட்டால் போதும். முழுப் பெயர் வேண்டுமென்றால் பின்பக்கத் திறப்புக்கு மேலே ஒரே வரியாகப் போடலாம். அமெரிக்க பேஸ்பால் அணிகள் நூற்றாண்டுக்கும் மேலாக இப்படித்தான் சுருக்கி வருகின்றன. டெட்ராய்ட் டைகர்ஸ் அணி 1901இல் தன் தொப்பியில் வைத்தது ஒரு புலியை மட்டும்தான். இன்றும் அந்த அணிகளின் தொப்பிகளில் பெரும்பாலும் ஓரிரு எழுத்தோ ஓர் உருவமோதான் இருக்கும். மைதானத்தின் மறுகோடியிலிருந்தும் அடையாளம் தெரிவதற்கு அதுவே காரணம்.

ஓர் எளிய சோதனை: சின்னத்தை 5 செ.மீ. உயரத்தில் காகிதத்தில் அச்சிட்டு, வெட்டி, பழைய தொப்பி ஒன்றில் ஒட்டுங்கள். யாரையாவது போட்டுக்கொள்ளச் சொல்லிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். படிக்க முடியாத எதையும் நீக்குங்கள். செலவில்லாத இந்தச் சோதனை கணினித் திரையில் தெரியாததைக் காட்டிவிடும்.

எந்த வகைத் தொப்பி?

ஆறு பேனல் கேப், விறைப்பானது. ஆறு முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. முன்னிரண்டு துண்டுகளுக்குப் பின்னால் பக்ரம் என்ற விறைப்புத் துணி வைத்திருப்பார்கள். அதனால் கழற்றி வைத்தாலும் முகப்பு நிமிர்ந்தே நிற்கும். நெருக்கமான எம்ப்ராய்டரிக்கு இதுவே உறுதியான தளம். நியூ எரா நிறுவனம் 1954இல் கொண்டுவந்த ‘59ஃபிப்டி’ என்ற கேப் இந்த வடிவத்துக்குப் புகழ்பெற்ற உதாரணம். இதில் கவனிக்க வேண்டியது முகப்பின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் தையல். உங்கள் சின்னத்தின் நடுவில் மெல்லிய செங்குத்துக் கோடோ, விளக்கின் சுடரோ, சிறு முகமோ இருந்தால் அது நேராக அந்தத் தையலின் மேல் விழும். ஊசி தையல் மேட்டில் விலகும், கோடு கோணலாகும். நடுப்பகுதி அகலமாக, நிரப்பியதாக உள்ள சின்னத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆறு பேனல் கேப், மென்மையானது. பக்ரம் கிடையாது, தலையோடு படிந்து நிற்கும், மடித்து வைக்கலாம். அன்றாடம் விரும்பிப் போடுகிற தொப்பி இது. ஆனால் முழுதும் நிரப்பித் தைத்த பெரிய சின்னத்தை இது தாங்காது. சுற்றிலும் துணி சுருங்கும். சிறிய சொல்லுக்கும் கோட்டுருவச் சின்னத்துக்கும் ஏற்றது.

ஐந்து பேனல் கேப். முகப்பு ஒரே துண்டு, நடுத்தையல் இல்லை. நுணுக்கமான சின்னம், நடுவில் எழுத்துள்ள சின்னம், அச்சிட வேண்டிய சின்னம் எல்லாவற்றுக்கும் முதலில் இதைப் பாருங்கள். ஆறு பேனலா ஐந்து பேனலா என்று குழம்புகிறவர்களுக்கு என் பரிந்துரை ஐந்துதான்.

டிரக்கர் கேப். முன்னால் பஞ்சுத் தகடு, பின்னால் வலை. அமெரிக்காவில் விதை, தீவனம், வேளாண் கருவி விற்ற நிறுவனங்கள் உழவர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் இலவசமாகக் கொடுத்து இது பரவியது; பிறந்ததே விளம்பரத்துக்காக. முகப்பு உயரம் என்பதால் செங்குத்தான சின்னத்துக்கும் இடமுண்டு. வலை வழியே காற்று போவதால் நம் வெப்பத்துக்குச் சுகமானது. பஞ்சின் மேல் அச்சு அழகாக அமரும். நெருக்கமான தையலோ உள்ளே அமுங்கிவிடும். எம்ப்ராய்டரிதான் வேண்டும் என்றால் முகப்பு துணியாகவும் பின்பக்கம் மட்டும் வலையாகவும் உள்ள வகையைக் கேளுங்கள்.

பக்கெட் தொப்பி. சுற்றிலும் சாய்ந்த விளிம்பு. காதுக்கும் கழுத்துக்கும் நிழல். சின்னத்துக்கான உயரம் 4 செ.மீ. அளவில்தான் கிடைக்கும், அகலமாகவும் தாழ்வாகவும் உள்ள சின்னமே பொருந்தும்.  சின்னத்தைச் சற்று மேலேற்றி வைக்கச் சொல்லுங்கள்.

வைசர். உச்சி திறந்தது, நெற்றிப் பட்டியும் முன்விளிம்பும் மட்டும். டென்னிஸ், ஓட்டம், நடைப்பயிற்சிக் குழுக்களுக்கும் கொண்டை போடுகிறவர்களுக்கும் வசதி. பட்டியின் உயரம் குறைவு. ஒற்றை வரிப் பெயருக்கு மட்டுமே இடம்.

பின்பட்டியையும் தேர்ந்தெடுங்கள். வெல்க்ரோ மலிவு, ஆனால் நூலும் தூசியும் சேர்ந்தால் பிடிப்புத் தளரும். பிளாஸ்டிக் பொத்தான் பட்டி நீடித்து உழைக்கும், நிறமும் பொருத்தலாம். உலோகப் பக்கிள் பார்வைக்கு உயர்வு. பரிசாகக் கொடுக்கும் தொப்பிக்கு ஏற்றது. பின்பக்கம் மூடிய எலாஸ்டிக் வகையை ஒவ்வொருவர் தலை அளவும் கையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

தையலா, அச்சா, பேட்ச்சா?

எம்ப்ராய்டரி நீடித்து உழைக்கும், மதிப்பாகத் தெரியும். இரண்டு மூன்று நிறமும் தெளிவான வடிவமும் உள்ள சின்னத்துக்கு இதுவே முதல் தேர்வு. கூலியைத் தையல் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு சதுர அங்குலத்தை முழுதும் நிரப்ப ஏறத்தாழ 2,000 தையல் ஆகும். உங்கள் சின்னம் 2 அங்குல நீலச் சதுரத்தில் வெள்ளை எழுத்து என்று வையுங்கள். நீலத்தை நிரப்ப மட்டும் ஏறத்தாழ 8,000 தையல். நீலத் தொப்பியையே எடுத்து வெள்ளை எழுத்தை மட்டும் தைத்தால் அந்த 8,000 தையலும் மிச்சம். சின்னமும் தடிப்பான தகடுபோல் விறைக்காது.

படத்தை இயந்திரம் படிக்கும் தையல் கோப்பாக மாற்றுவதைத் தொழிலில் பஞ்சிங் என்பார்கள். இதற்கு ஒருமுறை கட்டணம். தொப்பிக்கென்று தனியாகப் பஞ்சிங் செய்யச் சொல்வது மிக அவசியம். சட்டைக்குச் செய்த கோப்பு தட்டையான துணிக்கானது. தொப்பியில் நடுவிலிருந்து ஓரத்துக்கும் கீழிருந்து மேலுக்கும் தைத்துக்கொண்டு போனால்தான் துணி ஒதுங்காமல் நிற்கும். பஞ்சிங் செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தை அனுப்பாதீர்கள். சின்னத்தை வரைந்தவரிடம் மூல கோரல் கோப்பைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

பஃப் எம்ப்ராய்டரி என்பது நூலுக்கடியில் 2, 3 மி.மீ. பஞ்சுத் தகடு வைத்து எழுத்தை மேலெழும்பச் செய்வது. கோடு 4 மி.மீ.க்குக் குறையாத தடிமனும், விறைப்பான முகப்பும் இதற்குத் தேவை. ஓரிரு பெரிய எழுத்துக்குக் கம்பீரமாக இருக்கும். சிறிய எழுத்துக்கும் சுழி நிறைந்த தமிழ்ச் சொல்லுக்கும் ஒத்துவராது.

அச்சில் மூன்று வழிகள் உண்டு. ஒன்றிரண்டு நிறம், அதிக எண்ணிக்கை என்றால் ஸ்கிரீன் பிரின்ட் சிக்கனம். அதைத் தொப்பி தைப்பதற்கு முன் துண்டுத் துணியிலேயே அடித்துவிடுவது நேர்த்தி. பல நிறம், நிழல் சாயல், சிறு எண்ணிக்கை என்றால் டி.டி.எஃப். முறையில் படலத்தில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டலாம்; ஆனால் வளைந்த தட்டுள்ள, தொப்பிக்கான ஹீட் பிரஸ் கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். சப்ளிமேஷன் அச்சு பாலியஸ்டர் துணியில் மட்டுமே பிடிக்கும், அதுவும் வெளிர் நிறத்தில்.

வட்ட முத்திரையை விட்டுக்கொடுக்கவே முடியாது என்பவர்களுக்கு நெய்த பேட்ச் நல்ல வழி. மெல்லிய நூலில் நெய்வதால் எம்ப்ராய்டரியில் வராத சிறு எழுத்தும் இதில் தெளியும். தனியாகச் செய்து வாங்கித் தொப்பியில் தைத்துக்கொள்ளலாம். மிச்சமானவற்றைப் பைக்கும் சட்டைக்கும் பயன்படுத்தலாம்.

துணியும் நிறமும்

பருத்தி வியர்வையை உறிஞ்சும், தோலுக்கு இதம். காய நேரமாகும், அடர் நிறத்தில் உப்புக் கோடு வெள்ளையாகப் படியும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், சாயம் நிற்கும், மலிவானது புழுங்கும். ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் துளையுள்ள பாலியஸ்டர், அலுவலகத்துக்கும் பரிசுக்கும் பருத்தி ட்வில் என்று வைத்துக்கொள்ளலாம். எம்ப்ராய்டரி நூல் மட்டும் பாலியஸ்டராகவே இருக்கட்டும். ரேயான் நூல் பளபளக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

கறுப்புத் தொப்பி நம் வெயிலில் சூடேறும். சின்னத்தின் நிறம் எதுவோ அதற்கு எதிராக நிற்கும் வெளிர் நிறத்தை முதலில் முயலுங்கள். அடர் நீலத்தில் கருஞ்சிவப்பு, சாம்பலில் வெள்ளி போன்றவை அருகில் மட்டுமே தெரியும், தூரத்தில் கலந்துவிடும்.

முன்விளிம்புக்குள் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். விலை குறைந்தவற்றில் அட்டை வைத்திருப்பார்கள். நன்றாக ஒருமுறை நனைந்தால் ஊறி மடங்கும். பிளாஸ்டிக் தகடு வைத்தது துவைத்தாலும் வளைவு மாறாது. விலை வித்தியாசம் சிறிது. உழைக்கும் காலம் பல மடங்கு.

மாதிரி பார்க்காமல் ஆர்டர் வேண்டாம்

திரையில் காட்டும் படம் மாதிரி ஆகாது. உங்கள் துணியில், உங்கள் நிறத்தில், உங்கள் சின்னத்தோடு இரண்டு தொப்பிகள் தைத்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுங்கள். வந்ததும் இவற்றைப் பாருங்கள்:

1. சிறிய தலை, பெரிய தலை, நீளக் கூந்தல் உள்ள ஒருவர் என மூன்று பேருக்காவது போட்டுப் பாருங்கள்.
2. பத்தடி தள்ளி நின்று பெயரைப் படியுங்கள். சின்னத்தை முன்பின் பார்த்திராத ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.
3. சின்னத்தின் இரு ஓரமும் முகப்பின் நடுவிலிருந்து சம தூரத்தில் உள்ளனவா என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள்.
4. உட்புறம் திருப்பி, நூல் பிசிறும் தையலுக்கு அடியில் வைத்த பின்தாளும் நெற்றியை உறுத்துகின்றனவா என்று விரலால் தடவுங்கள்.
5. ஈரமான வெள்ளைத் துணியால் தொப்பியைத் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அது வியர்வையில் நெற்றியிலும் ஒட்டும்.
6. கடைசியாக அதை நனைத்து உலர்த்துங்கள். வடிவம், விளிம்பு, அச்சு மூன்றும் அப்படியே இருக்க வேண்டும்.

திருப்தி என்றால் அந்த மாதிரிகளில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு ஒன்றை நீங்களும் ஒன்றைத் தயாரிப்பாளரும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே இரண்டு கேட்டது. பிறகு ஆர்டர் சீட்டில் பேனல் எண்ணிக்கை, விறைப்பா மென்மையா, துணி, நிறம், பின்பட்டி, முன்விளிம்பின் உள்தகடு, சின்னத்தின் உயரமும் அகலமும் மி.மீ. கணக்கில், நூலின் நிற எண், பெரியவர் அளவு எத்தனை, பிள்ளைகள் அளவு எத்தனை, ஒப்படைக்கும் நாள் ஆகிய அனைத்தையும் எழுத வையுங்கள். பஞ்சிங்குக்கு நீங்கள் பணம் கொடுத்திருப்பதால் அந்தக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டு வேறு கடைக்குப் போனாலும் அதே சின்னம், அதே அளவில், மறுபடியும் பஞ்சிங் செலவில்லாமல் கிடைக்கும்.